பல்செட்டுக்குக் கேட்ட கேள்வி

இடது கையின் இரண்டு விரல்கள் ஒரு பல்லைப் பிடித்திருந்தன. வலது கையில் இருந்த மெழுகுக் கத்தி, ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் ஒருமுறை போய் வந்தது. ரோஜா நிற மெழுகில் சின்னதாக ஒரு பள்ளம் உருகியது. பல் அதில் இறங்கியது. விரல்நுனி அதை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளியது. பிறகு மனசு மாறி அரை நூல் வெளியே இழுத்தது. ஐந்து முன்பற்கள் ஏற்கெனவே வரிசையில் உட்கார்ந்திருந்தன. இது ஆறாவது. கைகள் அந்த ப்ளாஸ்டர் தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பின. கை நீட்டினால் தொடலாம் போலிருந்த எதிர்வீட்டு மாடியில் ஓர் அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பற்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன. அவருக்கு இது பழக்கம். திரும்பச் சிரிக்கவில்லை.

"ரொம்ப வரிசையா இருக்கு" என்று முணுமுணுப்பு வந்தது. கைகள் இரண்டாவது பல்லை ஓர் இம்மி திருப்பிவிட்டன. எண்பது வயசுக்காரருக்கு இருபது வயசுப் பல் இருந்தால் தெருவே கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் கோணல் இருந்தால்தான் சொந்தப் பல் மாதிரி இருக்கும்.

கைகளும் முணுமுணுப்பும் எலியேசருடையவை. டெல்லி முனிர்காவில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருக்கிறது அந்தக் கட்டடம். கீழே டாக்டர் ரோஹிணியின் பல் கிளினிக். இரண்டாம் மாடியில் எலியேசரின் பட்டறை, அதற்குப் பின்னால் வீடு. டாக்டர் வாயில் அளவெடுத்து மேலே அனுப்புவார். எலியேசர் பல்செட் செய்து கீழே கொண்டுபோவார். அளவு டாக்டருடையது, பல் எலியேசருடையது, வாய் வேறொருவருடையது. இந்த மூன்றும் சண்டை போடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தொழில்.

அவர் செய்த செட்டுகள் சண்டை போடுவதில்லை என்று பேர் வாங்கியிருந்தார், முக்கியமாகத் தமிழர்களிடம். மேலண்ணத்தில் ஒட்டும் தகடு கொஞ்சம் தடித்துப்போனால் நாக்கு வளைய இடம் இருக்காது, 'ழ' செத்துப்போகும். இந்தி பேசுகிற வாயில் இது தெரியவே தெரியாது. தமிழர் ஒருவர் வீட்டுக்குப் போய் வாழைப்பழம் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். எலியேசர் அந்த இடத்தை உடையாத அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து வெங்காயச் சருகு மாதிரி ஆக்கிவிடுவார். அதற்காகவே ஜனக்புரியிலிருந்தும் துவாரகாவிலிருந்தும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மெட்ரோவில் வந்தார்கள்.

அவர் படித்தது என்னவோ விலங்கியல். நாசரேத்தில் அவர் அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், இனிமேல் விலங்கியலுக்குத்தான் வேலை என்று. யார் சொன்னது என்று பிற்பாடு எவ்வளவு விசாரித்தும் பிடிபடவில்லை. மூன்று வருஷம் படித்ததில் பல் சம்பந்தமாக அவருக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: தவளைக்கு மேல்தாடையில் மட்டும்தான் பல் உண்டு. இதுவரை எந்தத் தவளையும் கீழ்செட் கேட்டு வரவில்லை. டெல்லியில் இருந்த அத்தான் வீட்டுக்கு வேலை தேடி வந்து, கரோல் பாக்கில் ஒரு பல் பட்டறையில் ப்ளாஸ்டர் குழைக்கச் சேர்ந்தார். அங்கே யாரும் உட்காரவைத்து எதையும் சொல்லித்தரவில்லை. குப்பைக்கூடையில் எறிந்த செட்டுகளைப் பொறுக்கி வந்து, இது ஏன் தப்பாய்ப் போயிற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முந்நூறு தப்புகளுக்குப் பிறகு ஒன்று சரியாக வந்தது.

பல்செட்டைக் கடைசியாக வார்ப்பதற்கு முன்னால், மெழுகில் பல் பதித்த நிலையிலேயே ஒருமுறை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு ட்ரையல் என்று பெயர். ட்ரையலில் ஆளைப் பேசச் சொல்ல வேண்டும். எங்கே சீழ்க்கை அடிக்கிறது, எங்கே தட்டுகிறது என்று கேட்டு, மெழுகு மெழுகாக இருக்கும்போதே பல்லை நகர்த்த வேண்டும். எல்லா இடத்திலும் அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்வது வழக்கம். இங்கிலீஷில் சிக்ஸ்டி சிக்ஸ், இந்தியில் சாட், இக்ஸட், பாஸட் என்று ஒரே 'ஸ'கர மழை. ஆனால் எண்ணச் சொன்னால் யாரும் பேசுவதில்லை, பரீட்சை எழுதுகிறார்கள். முதுகை நிமிர்த்தி ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடிச் சாமான் மாதிரி எடுத்து வைப்பார்கள். எல்லாம் சுத்தமாக வரும். பிறகு வீட்டுக்குப் போய் மருமகளோடு பேசும்போது தட்டும், திரும்பி வருவார்கள்.

இதற்கு மருந்து தற்செயலாகத்தான் கிடைத்தது. மகள் மரியாவுக்கு மூன்று வயசு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்துகொண்டிருந்த நேரம். ட்ரையலுக்கு உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயரிடம், சும்மா பேச்சுக்கு, "எம் பொண்ணு என்ன படிச்சா நல்ல வேலை கிடைக்கும் சார்?" என்று கேட்டார் எலியேசர். அவர் பதினான்கு நிமிஷம் பேசினார். வாயில் மெழுகு இருப்பதையே மறந்துவிட்டார். கோபப்பட்டார், சிரித்தார், அண்ணன் மகனைத் திட்டினார். எல்லா எழுத்தும் வந்தது, எல்லாத் தப்பும் தெரிந்தது. எலியேசர் கத்தியால் இரண்டு இடத்தில் தொட்டார். அந்தச் செட் இன்றைக்கும் ஓடுகிறது.

அன்றிலிருந்து அதுதான் கேள்வி. பதினைந்து வருஷமாக, வருகிற வாய்க்கெல்லாம் அதே கேள்வி. பதில் சொல்லாமல் போனவர் ஒருவர்கூட இல்லை. உடம்பு சரியில்லாதவர்கள்கூட அந்தக் கேள்விக்கு எழுந்து உட்கார்ந்தார்கள். எலியேசர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் கேட்பார்.

எழுத்தைத்தான் கேட்டார். பதிலைக் கேட்கவில்லை.

இது அவருக்கே தெரியாமல் இருந்தது, இந்த ஜூலை மாதம் வரை. மரியா பன்னிரண்டாவது முடித்து, நுழைவுத்தேர்வும் எழுதி, மார்க்கும் நன்றாக வந்துவிட்டது. இனி டெல்லி யுனிவர்சிட்டியின் போர்ட்டலில் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தித் தர வேண்டும். நூறும் போடலாம், இருநூறும் போடலாம். மார்க்குக்கு எட்டுவதில் மேலே எது நிற்கிறதோ அது கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியல் தானே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு டெல்லியில் யாரைத் தெரிந்திருந்தாலும் நடக்காது.

எலியேசரின் மனைவி அமலி தூத்துக்குடிக்காரி. துவாரகாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார ஆரம்பத்தில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பதினஞ்சு வருசமா ஊர்ல ஒரு வாய் விடாம கேட்டியள்லா. அவ்வளவு பேரும் என்ன சொன்னாவ?"

எலியேசர் யோசித்தார். ஆர்.கே. புரத்துப் போஸ்ட் மாஸ்டர் ஞாபகம் வந்தார். அவர் நெடுநேரம் சொன்னார்.

"என்ன சொன்னாரு?"

"மேல இடது கோரப்பல்லு தட்டுச்சு."

அமலி சாதத்தைப் போட்டுவிட்டுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். எலியேசர் இன்னும் தேடினார். சரோஜினி நகர் டீச்சர், கீழ்செட் எழும்பியது. பேங்க் மேனேஜர், எச்சில் தெறித்தது. ஒவ்வொரு வாயும் ஞாபகம் இருந்தது. அதிலிருந்து வந்த ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. ஒரு நகரத்தின் அறிவையெல்லாம் ஓசி வாங்கிச் சாக்கடையில் விட்டிருக்கிறீர்கள் என்ற பொருள்பட அமலி ஏதோ சொன்னாள். அவள் சொன்ன விதம் இதைவிடச் சுருக்கம்.

அந்த வாரம் திரும்பக் கேட்பது, இந்த முறை பதிலைக் கேட்பது என்று முடிவாயிற்று. அமலி ஒரு பேனாவும் காகிதமும் சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள். புதன்கிழமை ட்ரையலுக்கு வந்தவர் ஜெயராம், விமான நிலையத்தில் வேலை, விபத்தில் முன்பற்கள் நான்கு போயிருந்தன. கேள்வியைக் கேட்டதும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். எலியேசர் பல்லைக் கடித்துக்கொண்டு அர்த்தத்தைக் கவனித்தார். முதல் வாக்கியம் புரிந்தது. இரண்டாவது வாக்கியத்தில் மெல்லிசாக ஒரு சீழ்க்கை. அவ்வளவுதான், காது அதன் பின்னால் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த காகிதத்தில் 'மேல் இடது 2, அரை மில்லி உள்ளே' என்று எழுதியிருந்தது. அமலி அதை மரியாவிடம் கொடுத்து, இந்தப் படிப்பு எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள்.

சொந்தப் பல் இருப்பவர்களைக் கேட்டால் கவனம் சிதறாது என்று அடுத்த யோசனை. மேல்மாடி அறையில் நரேன் இருந்தான். திருச்சிப் பையன், ஐந்தாவது முறையாக சிவில் சர்வீஸ் எழுதுகிறான். என்ன படித்தால் வேலை கிடைக்கும் என்பதில் டெல்லியிலேயே அதிகம் யோசித்தவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். வேலைதான் இன்னும் கிடைக்கவில்லை. அவன் அரை மணி நேரம் விளக்கினான். எலியேசர் இறங்கி வந்தபோது அமலி ஆவலாகப் பார்த்தாள்.

"கீழ வலது கடவாயில குழி இருக்கு. டாக்டர்ட்ட காட்டச் சொல்லியிருக்கேன்."

கடைசியில் அமலியே ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நான்கு நர்ஸுகளைக் கேட்டு, பி.காம் ஆனர்ஸ்தான் என்று முடிவோடு வந்தாள். வியாழக்கிழமை மரியாவும், "பி.காம் ஆனர்ஸ் போட்டுடறேன் மம்மி. ப்ளேஸ்மென்ட் நல்லா இருக்கு" என்றாள். எல்லோருக்கும் நிம்மதி. எலியேசருக்கு மட்டும் எங்கோ ஒரு பல் சரியாக உட்காராத மாதிரி இருந்தது. எந்தப் பல் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வெங்கடராமன் வந்தார். முதலில் பார்த்த, செவ்வாய்க்கிழமை பதித்த ஆறு பற்களும் அவருக்காகத்தான். ஜனக்புரிக்காரர். ஒரு மத்திய அரசு அமைச்சகத்தில் நாற்பது வருஷம் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவிலேயே இருந்து ரிட்டயரானவர். எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு என்று விதிகள் எழுதியவர். இவரைவிடப் பொருத்தமான வாய் கிடைக்காது என்று எலியேசர் காலையிலிருந்தே படபடப்பாக இருந்தார். டாக்டர் ரோஹிணி மெழுகுச் செட்டைப் பொருத்தினார். எலியேசர் எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"சார், எம் பொண்ணு என்ன படிச்சா நல்ல வேலை கிடைக்கும்?"

"தெரியாது" என்றார் வெங்கடராமன்.

பதினைந்து வருஷத்தில் இப்படி ஒரு பதில் வந்ததில்லை. எலியேசர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் எலியேசரைப் பார்த்தார். 'தெரியாது' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பல்லையும் சோதிக்க முடியாது. அதில் சீழ்க்கை அடிக்க ஒன்றுமில்லை. சும்மா உங்கள் அபிப்ராயம் போதும் என்று எலியேசர் கெஞ்சினார். அபிப்ராயமும் இல்லை என்றார் அவர். டாக்டர், அச்சா அங்கிள், அப்படியானால் எண்ணுங்கள் என்றார். வெங்கடராமன் ஸ்டெனோவுக்கு டிக்டேஷன் கொடுப்பது போல, சிக்ஸ்டி, நிறுத்தி, ஒன், நிறுத்தி, எழுபது வரை எண்ணினார். அப்படிப் பேசினால் வாயில் பல்லே இல்லாதவர்கூடத் தெளிவாகத்தான் பேசுவார்.

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். நாற்பது வருஷம் ஃபைல் பார்த்ததில், தாவரவியல் படித்தவன் சுங்கத்தில் இருந்தான், சுங்கத்துக்கென்றே படித்தவன் மொழிபெயர்ப்பில் இருந்தான். தன் இரண்டு பையன்களுக்கும் என்ன படிக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னார். ஒருவன் கேட்டான், ஒருவன் கேட்கவில்லை. இரண்டு பேரும் இப்போது நொய்டாவில் ஒரே கம்பெனியில் ஒரே மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு அவர் அபிப்ராயம் சொல்வதை விட்டுவிட்டார்.

"பொண்ணு என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"பி.காம்னு சொல்லுதா சார்."

"நீங்க கேட்டு அவ சொன்னாளா, இல்லே நீங்கள்லாம் சொன்னதை அவ திருப்பிச் சொன்னாளா?"

டெல்லியில் பல் போன ஒவ்வொருவரையும் கேட்டாயிற்று. மரியாவுக்கு எல்லாப் பல்லும் இருந்ததால் அவளைக் கேட்க எலியேசருக்குத் தோன்றவில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்கு வரேன்" என்று வெங்கடராமன் மெழுகுச் செட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது இல்லாமல் அவர் பேசியதில் பாதி காற்றாகப் போனாலும் விஷயம் புரிந்தது. "அவளைக் கேட்டுண்டு வந்து சொல்லுங்கோ. அப்புறம் வேணும்கற அளவுக்குப் பேசறேன்."

ஆக, சனிக்கிழமை காலையில் எலியேசருக்கு இரண்டு வேலைகள் பாக்கி: ஒரு பட்டியல், ஒரு பல்செட். ஒன்று முடியாமல் மற்றது முடியாது. அமலி டியூட்டிக்குப் போயிருந்தாள். அவர் மரியாவைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்து, மெழுகுக் கத்தியைத் தள்ளி வைத்தார். வழக்கம் போலக் கேட்டார். ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

"நீ என்ன படிச்சா நல்ல வேலை கிடைக்கும்?"

"பி.காம் ஆனர்ஸ், டாடி. ப்ளேஸ்மென்ட் நல்லா இருக்கு."

எலியேசர் கண்ணை மூடிக் கேட்டார். சுத்தமாக வந்தது. ரொம்பச் சுத்தமாக வந்தது. ஒவ்வொரு எழுத்தும் எடுத்து வைத்தது போல, அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணுகிறவர் மாதிரி. வியாழக்கிழமையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்த பல் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது மரியாவுடைய வாய் இல்லை, யாரோ செய்து கொடுத்த செட்.

"ஏட்டி, நீ எண்ணுதே. பேசு" என்றார்.

மரியா எழுந்து போய் ஒரு பழைய ரஃப் நோட்டைக் கொண்டுவந்தாள். அட்டையில் கார்ட்டூன் பூனை, அதற்கு மரியா எப்போதோ பேனாவால் பல் வரைந்திருந்தாள். மூன்றாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கிளினிக் மூலையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்தவள் அவள். அப்பா தன்னைப் பற்றி எல்லோரிடமும் கேட்கிறாரே என்று, வந்தவர்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறாள். அப்பா அதைப் பிற்பாடு கேட்பார் என்று நினைத்தாளாம்.

"டோட்டல் இருநூத்திப் பன்னெண்டு பேர், டாடி" என்று ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. எழுபத்தோரு பேர் இன்ஜினீயரிங். நாற்பத்தெட்டுப் பேர் பி.காம். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது: பையன் வெளிநாட்டில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் என்கிறார்கள், அந்தப் பையன் போன் செய்வதில்லை என்றால் உள்ளூரில் கவர்மென்ட் வேலை என்கிறார்கள். அதற்காகப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, பையன் எங்கே, போன் உண்டா இல்லையா என்றும் குறிக்க ஆரம்பித்தாள். முழுச்செட்காரர்கள் பென்ஷன் வருகிற வேலையையே சொன்னார்கள். நாலு பல் மட்டும் போனவர்கள் துணிந்து பிரைவேட் என்றார்கள். மழைக்காலத்தில் மெடிக்கல் ஏறியது. அவள் சொல்லச் சொல்லத் தமிழில் இந்தி வந்து விழுந்தது, இங்கிலீஷ் வந்து விழுந்தது, மூச்சு வாங்கியது, நாக்கு ஒன்றிரண்டு இடத்தில் தடுக்கியது. அவள் நின்று பார்க்கவே இல்லை. எலியேசர் கண்ணைத் திறந்துகொண்டார். எந்தப் பல்லையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அதனால் என்னமோ, வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொல்வது முழுசாகக் காதில் விழுந்தது.

"இதுக்குப் பேரு என்னளா?"

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டாடி. எனக்கு அதுதான் படிக்கணும். ஆனா இத்தனை பேர்ல ஒரே ஒருத்தர்தான் அதைச் சொன்னாரு. அதான் பயமா இருந்தது."

"அவரு யாரு?"

"ஒரு காலேஜ் புரொஃபசர். அவர் சொல்லவே விடலை நீங்க. ஸ்டா-ன்னு ஆரம்பிச்சாரு, விசில் அடிச்சுது. திரும்ப சொன்னாரு, திரும்ப விசில். நீங்க, 'சார், வேற ஏதாச்சும் சொல்லுங்க'ன்னுட்டீங்க. அவர் உடனே பி.காம்னு மாத்திட்டாரு."

எலியேசருக்கு அந்த விசில் ஞாபகம் வந்தது. மேல் வலது இரண்டு.

"அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது" என்றாள் மரியா. "சாம்பிளே தப்பு, டாடி. எல்லாரும் வாயில மெழுகு வெச்சிக்கிட்டுப் பேசறவங்க. கஷ்டமான வார்த்தையை விட்டுட்டு ஈஸியா வர்றதைச் சொல்றாங்க. பி.காம்னு சொல்ல பல்லே வேணாம். உதடு போதும். நீங்களே சொல்லிப் பாருங்க."

எலியேசர் சொல்லிப் பார்த்தார். பி.காம். உதடு இரண்டு முறை மூடித் திறந்தது. நாக்கு பல் பக்கமே போகவில்லை. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தொழில்காரராக அவரால் அதை மறுக்க முடியவில்லை. பிறகு மற்றதைச் சொல்லிப் பார்த்தார். சொந்தப் பல்லை வைத்துக்கொண்டே இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது.

"வேலை?" என்று கேட்டார். அது இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை.

"கிடைச்சே தீரும்னு சொல்ல மாட்டேன். நூத்துக்கு எத்தனை பேருக்குக் கிடைச்சிருக்குன்னு சொல்றேன். பி.காமுக்கும் பார்த்தேன், இதுக்கும் பார்த்தேன்" என்று நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கல்லூரிவாரியாக எழுதியிருந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு கல்லூரிகளில் இதுதான் மேலே இருந்தது. எலியேசர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார், ஓர் எண்ணுக்குக் கீழே அடித்தல் இருந்ததைக் கேட்டார், அவள் காரணம் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு அமலி டியூட்டி முடிந்து வந்தாள். அவளிடம் அப்பாவும் மகளும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான்கு நர்ஸுகளின் தீர்ப்பை ஒரு ரஃப் நோட்டு தூக்கிப் போடுவதா என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இதற்கு வேலை உண்டா, அதை மட்டும் சொல்லு என்றாள். மாசாமாசம் அம்மா உட்கார்ந்து நிரப்புகிறாளே, எந்த வார்டில் எத்தனை பேருக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்தது என்று ஒரு பட்டியல், அதைப் படித்துப் பார்த்து எங்கே தப்பு என்று சொல்கிற வேலை என்றாள் மரியா.

"அத யாரும் படிக்காவளா?" என்று அமலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக நிரப்புகிறாள். அதைப் படிக்க ஆள் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. போன மாசம் அவசரத்தில் ஒரு கட்டத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டதாகவும், அதை என்ன செய்யலாம் என்றும் மகளிடம் கவலையாகக் கேட்டாள். அதோடு சம்மதம் என்று ஆகிவிட்டது.

நாலரை மணிக்குப் போர்ட்டலில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முதல் இடத்திலிருந்து வரிசையாக ஏறியது. பி.காமுக்கு அமலியின் மரியாதைக்காகப் பதினெட்டாவது இடம் கிடைத்தது. ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொண்டது.

ஆறு மணிக்கு வெங்கடராமன் வந்து, மெழுகுச் செட்டை வாயில் வாங்கியதுமே, என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டார். எலியேசர் சொன்னார். அவ்வளவுதான். தெரியாது என்றும் அபிப்ராயம் இல்லை என்றும் சொன்ன மனுஷர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். சென்சஸ் பற்றிப் பேசினார். சராசரி என்றால் என்ன என்று தெரியாமல் ஆறு வருஷம் தன் தலைமேல் உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரியைப் பற்றிப் பேசினார். அந்த அதிகாரி எந்த ஊர், என்ன சாப்பிடுவார், எப்படிப் பதவி உயர்வு வாங்கினார் என்பதெல்லாம் வந்தது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற சொல் பதினொரு முறை வந்தது. பதினொரு முறையும் கிளினிக்கில் பிரஷர் குக்கர் மாதிரி சீழ்க்கை அடித்தது. டாக்டர் ரோஹிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கருவிகளைத் துடைத்தார்.

எலியேசர் ஒரு காதில் சத்தத்தையும் இன்னொரு காதில் விஷயத்தையும் வாங்கினார். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்பது அவருக்கே புதுசாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அழகுக்காகத் திருப்பிவிட்ட அந்த இரண்டாவது பல்தான் குற்றவாளி. அதை எடுத்து, சுடரில் கத்தியைக் காட்டி, பாதி கோணலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உட்புறம் மெழுகை ஒரு சொட்டு ஏற்றினார். கோணல் போகவில்லை, குறைந்தது.

ஞாயிறு வேலை இல்லை. திங்கட்கிழமை வார்த்து, வேகவைத்து, ஆறவிட்டு, அண்ணத் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். செவ்வாய்க்கிழமை காலை டப்பாவில் தண்ணீர் ஊற்றிச் செட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். மரியாவும் கூடவே வந்து பழைய மூலையில் நின்றாள். முதல் சீட் அலாட்மென்ட் இன்னும் வரவில்லை. அவள் கையில் போனை வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

வெங்கடராமன் செட்டைப் போட்டுக்கொண்டார். எலியேசர் ஸ்டூலை இழுத்து, "சார், எம் பொண்ணு என்ன" என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டார். கேள்வி தீர்ந்துபோயிருந்தது. புதுசாக எதையும் யோசித்து வைக்கவில்லை. பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டால் யாரும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்கள் என்று டாக்டர் ரோஹிணி யோசனை சொன்னார். மரியா மூலையிலிருந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். எலியேசர் வாயை மூடிக்கொண்டார்.

வெங்கடராமன் நாக்கால் புதுப் பற்களை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு மரியா பக்கம் திரும்பினார்.

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல சீட் கிடைச்சதும் ஸ்வீட்ஸோட ஜனக்புரி வந்து சொல்லணும். வாழைப்பழமும் வாங்கிண்டு வா, கீழ்வீட்டுல குழந்தைகள் இருக்கு."

கிளினிக்கில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கேயும் ஒரு சீழ்க்கை இல்லை. 'ழ' நான்கு இடத்திலும் நாக்கு வளைந்து, தொட்டு, திரும்பியது. எலியேசர் டப்பாவிலிருந்த தண்ணீரைக் கொட்டி, துடைத்து, மூடியை அழுத்தி மூடி, அதை வெங்கடராமன் கையில் கொடுத்தார்.